வில்லேந்திய நங்கை

இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில், ஹாம்ப்டன் கோர்ட் என்னும் பழைய அரண்மனை அமைந்துள்ளது. முன்னாளில் மன்னர் பலர் வாழ்ந்த அம்மாளிகையில் இன்று மன்னர் எவரும் வாழ்வதில்லை. பொதுமக்களே அங்குச் சென்று, பண்டைக் கூடங்களையும் அவற்றை அணிசெய்யும் ஓவியங்களையும் கண்டு மகிழ்கின்றனர். அவ்வோவியங்களுள் 17 ஆம் நூற்றாண்டு அரசவை மகளிர் பதின்மரின் உருவங்கள் அடங்கிய தொகுதி பெரிதும் பெயர் பெற்றது. முன்பு வின்சர் கோட்டையில் இருந்தமையால் அதனை 'வின்சர் அழகியர்' என வழங்குவர்.

அத்தொகுதியுள் ஓர் ஓவியம் காண்பாரைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது. ஏறத்தாழ நான்கடி உயரமுள்ள துணித்திரையில் எண்ணெய் வண்ணங்களால் அது தீட்டப்பெற்றுள்ளது. திறந்த வெளியில், இயற்கைக் காட்சியின் நடுவே, இளநங்கை ஒருத்தி நிற்கின்றாள். அவள் உடுத்த பட்டாடை மஞ்சள் நிறத்தது. அதன் மடிப்புதோறும் ஒளி தங்கி நீரலைபோல் நெளிகின்றது. இமை சற்றே கனத்த கண்கள். அமைதி தவழும் முகம். மென்மையே உருவாகிய அந்நங்கையின் கையில் உள்ளது ஒரு வில்!

பட்டாடைக்கும் வில்லுக்கும் என்ன தொடர்பு? உரோமர் வணங்கிய தெய்வங்களுள் டயானா என்பவள் வேட்டைக்கு உரியவள். ஆடவர் எவருக்கும் வசப்படாது தன் கன்னிமையைக் காத்தவள் எனப் புராணங்கள் புகழும். அக்காலத்து ஓவியர், உயர்குடி மகளிரைத் தெய்வக் கோலத்தில் தீட்டுவதை ஒரு வழக்கமாகக் கொண்டிருந்தனர். அவ்வழக்கத்தை ஒட்டியே இந்நங்கையும் டயானாவாகக் காட்டப்பெற்றாள். ஆயினும், அந்த வில் வெறும் அணியன்று என்பதை அவள் வாழ்க்கை பின்னர் மெய்ப்பித்தது. அவள் பெயர் பிரான்சஸ் ஸ்டூவர்ட்.

அரசவைக்கு வந்த சிறுமி

1649 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மன்னர் முதலாம் சார்லஸ் குடிமக்களோடு நிகழ்ந்த போரில் தோல்வியுற்றுத் தலை துணிக்கப்பெற்றார். அரச குடும்பத்தைச் சார்ந்தோர் பலர் அயல்நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். அரசி ஹென்ரியெட்டா மரியா தம் பிறந்த நாடாகிய பிரான்சில் வாழ்ந்தார். அவ்வரசியின் மருத்துவராகப் பணியாற்றியவர் வால்ட்டர் ஸ்டூவர்ட் என்பார். அவருடைய மகளே பிரான்சஸ். 1647 இல் பிறந்த அவர், நாடிழந்தோர் நடுவே, பிரெஞ்சு மொழியும் பிரெஞ்சு நடையுடையும் கற்று வளர்ந்தார்.

1660 இல் இங்கிலாந்தில் முடியாட்சி மீண்டது. மாண்ட மன்னரின் மைந்தர் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். 1662 இல் அவர் போர்ச்சுகல் நாட்டு இளவரசி காதரீனை மணந்தார். பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது அத்திருமணத்தின் சீதனமாகவே என்பது இந்திய வரலாறு பயில்வார் அறிந்ததாம். புதிய அரசிக்குத் தோழியர் வேண்டப்பட்டனர். ஹென்ரியெட்டா மரியாவின் பரிந்துரையால், ஏறத்தாழப் பதினைந்து வயதில், பிரான்சஸ் இலண்டன் அரசவையை அடைந்தார்.

அவ்வவை களியாட்டங்களுக்குப் பெயர் போனது. பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த இன்பங்கள் யாவும் ஒருங்கே திறந்துவிடப்பட்டாற்போல அங்கு ஆடலும் பாடலும் சூதும் மலிந்தன. அக்காலத்தை விளக்கும் கிராமான் பிரபுவின் நினைவு நூல் ஓர் இனிய செய்தியைக் கூறுகின்றது. மற்றவர்கள் பெரும்பொருளைப் பணயம் வைத்துச் சூதாடிக் கொண்டிருக்கும்போது, பிரான்சஸ் அதே சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வீடு கட்டி விளையாடுவாராம். அவர் முகம் மலரவேண்டும் என்பதற்காகவே, அவைப் பெருமக்களும் அருகிருந்து சீட்டெடுத்துக் கொடுப்பராம். இதனைக் கண்டு அவரைப் பேதையென எண்ணியோர் பலர். அவர் பேதை அல்லர் என்பதைக் காலம் காட்டியது.

தீட்டியவர்

ஓவியத்தைத் தீட்டியவர் பீட்டர் லீலி. அவர் ஆங்கிலேயர் அல்லர். 1618 இல் செருமானிய நாட்டுச் சூஸ்ட் நகரில் டச்சுக் குடும்பமொன்றில் பிறந்து, ஓவியக் கலையை ஆலந்து நாட்டில் கற்று, இளமையிலேயே இலண்டனுக்கு வந்தவர். மன்னர் ஆண்ட காலத்தில் மன்னரையும், மன்னராட்சி வீழ்ந்தபின் குடியாட்சித் தலைவர் கிராம்வெல்லையும் தீட்டினார். முடியாட்சி மீண்டதும், 1661 இல் அரசவையின் தலைமை ஓவியராக அமர்ந்தார். ஆண்டுக்கு 200 பவுன் ஊதியம் பெற்றார்.

லீலியின் ஓவியச்சாலை ஒரு தொழிற்கூடம்போல் இயங்கியது. உருவம் எழுதுவித்துக்கொள்ள விரும்பியோர் நாள் குறித்து அவர்முன் வந்து அமர்வர். முகத்தை லீலி தம் கையால் எழுதுவார். ஆடையையும் பின்னணியையும் எழுதி முடிப்பதில் மாணாக்கரும் உதவியாளரும் பெரும்பங்கு கொள்வர். நிற்கும் நிலைகளுக்கும் அமரும் நிலைகளுக்கும் எண்கள் இடப்பட்டிருந்தன. இன்ன எண்ணுள்ள நிலை என்று குறித்துவிட்டால் உதவியாளர் அதற்கேற்ப உடலை வரைந்துவிடுவர். இவ்வாறு செய்தும் அவருடைய சிறந்த ஓவியங்களில் கலை குன்றவில்லை. பட்டின் மினுமினுப்பையும் கையின் மென்மையையும் வண்ணத்தில் கொணர்வதில் அக்கால இங்கிலாந்தில் அவரை விஞ்சுவோர் அரியர்.

மன்னரின் தம்பியாகிய யார்க் கோமகனின் மனைவி ஆன் ஹைடு. அரசவையின் அழகிய மகளிரைத் தீட்டித் தருமாறு லீலியைப் பணித்தவர் அவரே என்பர். அத்தொகுதியில் ஒன்றாகவே, 1660 களின் முற்பகுதியில், வில்லேந்திய நங்கையின் ஓவியம் உருவாயிற்று.

ஓவியமும் உண்மையும்

பிரான்சஸ் உண்மையில் எத்தகைய தோற்றம் உடையவர்? இவ்வினாவுக்கு விடை கூறத்தக்க சான்றாளர் ஒருவர் உளர். கடற்படை அலுவலகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் என்பார், 1660 முதல் 1669 வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் ஒளிவுமறைவின்றி நாட்குறிப்பாக எழுதிவைத்தார். 1663 சூலைத் திங்களில், அரசியுடன் குதிரைமீது வந்த பிரான்சசை அவர் கண்டார். செந்நிற இறகு சூடிய தொப்பியும் இனிய விழியும் எடுப்பான நாசியும் கொண்ட அந்நங்கையைவிடச் சிறந்த அழகியைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை என்று அன்றே எழுதிவைத்தார்.

அடுத்த ஆண்டு அரண்மனையில் பிரான்சஸ் உருவம் எழுதுவித்துக் கொண்டிருந்ததையும் பீப்ஸ் கண்டார். கூந்தல் அவிழ்ந்து காதருகே தவழ, அவர் அசையாது இருந்தார்; மன்னரும் ஏறத்தாழ இருபதின்மரும் சூழ நின்று அவரையே நோக்கிக்கொண்டிருந்தனர். காட்சி அழகியதே. ஆயினும் அத்தனை விழிகளும் தன்மீது பதிந்திருக்க, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அசையாது அமர்ந்திருத்தல் எளிதோ? அழகு அவருக்குப் புகழைத் தந்தது. அதே அழகு அவரைச் சூழ ஒரு வேலியையும் எழுப்பியது.

1668 இல் யார்க் கோமகனின் இல்லத்தில் லீலியின் அழகியர் ஓவியங்களைக் கண்ட பீப்ஸ், அவை நல்ல ஓவியங்களே எனினும் உரியவர்களை ஒத்திருக்கவில்லை என்று குறித்தார். அக்கூற்று சிந்தித்தற்கு உரியது. அத்தொகுதியிலுள்ள மகளிரை வரிசையாக நோக்குவோர், அவர்கள் ஒருதாய் வயிற்றுப் பெண்களோ என ஐயுறுவர். எல்லோருக்கும் ஒரே வகையான கனத்த இமைகள். ஒரே வகையான சோம்பிய பார்வை. அக்காலத்தவர் எதனை அழகென்று கருதினரோ அதனை லீலி எல்லோர் முகத்திலும் ஏற்றிவிட்டார். எனவே உருவ ஓவியம் ஒருவருடைய தோற்றத்தை மட்டும் காட்டுவதன்று. தீட்டியவரின் கைவழக்கத்தையும், தீட்டுவித்தவரின் விருப்பத்தையும், காலத்தின் சுவையையும் ஒருங்கே காட்டுவது. அவற்றையெல்லாம் பிரித்தறிந்து நோக்குவோரே ஓவியத்தை உண்மையாக நோக்குவோர் ஆவர்.

இதற்கு ஒரு சான்றும் உண்டு. ஜேக்கப் ஹாய்ஸ்மன்ஸ் என்னும் மற்றோர் ஓவியர், 1664 இல் இதே பிரான்சசைப் போர்வீரர் அணியும் தோற்சட்டையுடன் ஆடவர் கோலத்தில் தீட்டினார். ஒருவர் கையில் டயானா ஆகியவர், மற்றொருவர் கையில் போர்வீரன் ஆனார். அணிவித்த கோலங்கள் பல. அவற்றுள் மறைந்திருந்த பெண் ஒருத்தியே.

பதக்கத்தில் பதிந்த முகம்

பிரான்சசின் முகம் துணித்திரையோடு நிற்கவில்லை. ஆன்ட்வெர்ப் நகரிலிருந்து வந்த ஜான் ரோட்டியர் என்னும் செதுக்குக் கலைஞர் அப்போது அரசரின் நாணயச்சாலையில் பணியாற்றினார். ஆலந்து நாட்டுடன் நிகழ்ந்த கடற்போரை ஒட்டிப் பதக்கங்கள் வார்க்கும்போது, பிரிட்டன் நாட்டையே ஒரு பெண்ணாக உருவகித்து அவர் செதுக்கினார். அவ்வுருவத்திற்குப் பிரிட்டானியா என்று பெயர். உரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்து நாணயங்களிலேயே அவ்வுருவம் தோன்றியதுண்டு. பழைய அவ்வுருவத்திற்கு ரோட்டியர் புதிய முகத்தைத் தந்தார். அம்முகம் பிரான்சசின் முகமே என்று, 1667 பிப்ரவரி 25 ஆம் நாள் பொற்கொல்லர் ஒருவரிடம் அப்பதக்கத்தைக் கண்ட பீப்ஸ் வியந்து எழுதினார்.

1672 இல் வெளிவந்த அரைப் பென்னி, கால் பென்னிச் செப்புக்காசுகளிலும் பிரிட்டானியா இடம்பெற்றாள். ஒரு கையில் ஒலிவக் கிளையும் மறுகையில் ஈட்டியும் ஏந்தி, கேடயம் அருகிருக்க அமர்ந்த அவ்வுருவத்திற்கும் பிரான்சசே மூலம் என்பது வழிவழி வந்த வழக்கு. அரண்மனையில் சிலர் மட்டும் கண்ட முகம், காய்கறி வாங்கும் ஏழையின் உள்ளங்கைக்கும் இவ்வாறு வந்து சேர்ந்தது. பின்னர் வந்த பிரிட்டானியா உருவங்கள் பலவாறு மாறின. ஆயினும் அவ்வுருவம் ஆங்கில நாணயங்களை விட்டு நெடுங்காலம் அகலவில்லை. 2008 இல் புழக்க நாணயங்களின் புதிய அமைப்பில் அது விடப்பட்டது. 2015 இல் இரண்டு பவுன் நாணயத்தில் மீண்டும் இடம்பெற்றது.

அவர் செய்த முடிவு

நாட்டின் உருவமாகவே தம் முகம் பொறிக்கப்பெறும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? ஆனால் அப்பேற்றுக்குப் பின்னால் ஓர் இடர் இருந்தது. மணமான மன்னர் பிரான்சஸ்மீது பெருவிருப்பம் கொண்டிருந்தார். மன்னர் அருளைப் பெற்ற பெண்ணுக்குப் பட்டமும் பொருளும் மாளிகையும் குவியும் என்பதற்கு அவ்வவையிலேயே சான்றுகள் இருந்தன. அவர் மனைவி ஆகாமலே அவ்வளங்களை நுகர்ந்தோரும் இருந்தனர். பிரான்சசோ பெருஞ்செல்வம் இல்லாதவர். அரண்மனையன்றி வேறு புகலிடமும் அற்றவர். எனினும் அவர் அவ்வழியை விரும்பவில்லை.

அவருடைய உள்ளப் போராட்டத்தை ஜான் ஈவ்லின் என்னும் சான்றோர் பீப்ஸிடம் எடுத்துரைத்தார். இனி அரண்மனையில் தங்கின் மானங்காத்தல் இயலாது என்ற நிலை வந்தபோது, ஆண்டுக்கு 1,500 பவுன் வருவாயுள்ள கண்ணியமான மனிதர் யாரேனும் முறையாக மணக்க முன்வரின் அவரை ஏற்பது என்று பிரான்சஸ் உறுதிபூண்டாராம். மன்னர் தரக்கூடிய செல்வத்தை நோக்க அத்தொகை சிறிதே. ஆயினும் அது மானத்தோடு வருவது அன்றோ?

அப்பதக்கத்தைக் கண்டு ஆறு வாரங்கள் கழியுமுன், பீப்ஸ் மற்றொரு செய்தியைக் கேட்டார். ரிச்மண்டு கோமகன் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் பிரான்சசை மணக்க முன்வந்தார். மன்னரின் இசைவைப் பெறாமலே, அரண்மனையை விட்டு வெளியேறிய பிரான்சஸ், இலண்டன் பாலத்தருகே இருந்த விடுதி ஒன்றை அடைந்தார். அங்கு ஆயத்தமாக நின்ற வண்டியில் இருவரும் ஏறிக் கென்டு நாட்டுப் புறத்திற்குச் சென்றுவிட்டனர். மன்னர் சினந்தார், இனி அவர் முகத்தில் விழிப்பதில்லை என்று கூறியதாகவும் நகரெங்கும் பேச்சு எழுந்தது.

யாவரும் நோக்கியிருக்க அசையாது அமர்ந்திருந்தவர், எவரும் அறியாமல் எழுந்து சென்றார். சீட்டு வீடு கட்டியவர், தமக்கென ஓர் இல்லறத்தைக் கட்டிக்கொண்டார். ஓவியர் கொடுத்த வில் அன்றுதான் உண்மையில் அவர் கைக்கு வந்தது எனலாம்.

நோயும் அதன் பின்னும்

திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள், 1668 மார்ச்சுத் திங்களில், பிரான்சசைப் பெரியம்மை பற்றியது. அந்நோயின் கொடுமையை அக்காலத்தவர் நன்கறிவர். அரண்மனையென்றும் குடிசையென்றும் அது வேறுபாடு பார்க்கவில்லை. எட்வர்டு ஜென்னர் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்டது 1796 இல்; உலகினின்று அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பெற்றது 1980 இல். பிரான்சசின் காலத்திலோ தடுக்கும் வழி ஏதும் இங்கிலாந்தில் இல்லை. அவர் உயிர் பிழைத்தார். ஆயினும் நோயின் சுவடு முகத்தில் தங்கியது. ஒரு கண்ணும் ஊறுற்றது.

நாடு புகழ்ந்த அழகு சில நாட்களில் வாடியது. ஆனால் அவருடைய வாழ்வு வாடவில்லை. சினம் தணிந்த மன்னர் அவரை வந்து கண்டார். அதே ஆண்டில் அரசி காதரீன் அவரைத் தம் அணுக்கப் பணிப்பெண்டிருள் ஒருவராக ஏற்றார். முன்பு அழகுக்காகச் சூழ்ந்த அவையில், இப்போது கோமகனின் மனைவி என்னும் நிலையோடு அவர் தலைநிமிர்ந்து நின்றார்.

1672 இல், டென்மார்க்கு நாட்டுக்குத் தூதராகச் சென்ற கணவர் அங்கேயே உயிர்நீத்தார். மக்கட்பேறும் இல்லை. அப்போது பிரான்சசுக்கு வயது இருபத்தைந்தே. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மேலும் முப்பது ஆண்டுகள் தம் உடைமைகளைத் தாமே பேணி வாழ்ந்து, 1702 அக்டோபர் 15 ஆம் நாள் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு, அவர்தம் உறவினரான பிளாண்டையர் பிரபுவின் குடும்பத்திற்கு ஸ்காத்லாந்தில் ஒரு மாளிகை வாங்கப்பெற்றது. அவரது அன்பின் நினைவாக அது லெனக்ஸ்லவ் என்று இன்றும் வழங்குகின்றது.

மெழுகுருவம்

பிரான்சஸ் தம் இறுதி முறியில் ஒரு விருப்பத்தைத் தெரிவித்திருந்தார். தம் உருவத்தை மெழுகால் இயன்றவரை நன்றாகச் செய்து, தெளிந்த கண்ணாடி இட்ட பேழையில் வெஸ்ட்மினிஸ்டர் திருக்கோயிலில் வைக்கவேண்டும் என்பதே அது. அவ்வாறே செய்யப்பெற்றது. 1702 ஏப்ரலில் நிகழ்ந்த ஆன் அரசியின் முடிசூட்டு விழாவில் அவர் அணிந்த ஆடையையே அவ்வுருவம் அணிந்துள்ளது. அருகில், பாடம் செய்யப்பெற்ற ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி ஒன்று உள்ளது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவருடன் வாழ்ந்த அக்கிளி, அவர் இறந்த சின்னாட்களில் தானும் உயிர்விட்டது என்பர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வுருவமும் கிளியும் அத்திருக்கோயிலில் காக்கப்பெற்று வருகின்றன.

ஓவியத்தையும் மெழுகுருவத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். ஓவியத்தில் அவர் டயானா; பதக்கத்தில் அவர் பிரிட்டானியா. அவ்விரண்டும் பிறர் அவருக்கு அளித்த உருவங்கள். மெழுகில் நிற்பதோ அவரே விரும்பி அமைத்துக்கொண்ட உருவம். அங்கு வில்லும் இல்லை, ஈட்டியும் இல்லை. தம் நிலைக்குரிய ஆடையும், நெடுநாள் துணையாயிருந்த ஒரு சிறு பறவையுமே உள்ளன.

முகத்தின் அழகை ஓவியர் காக்கலாம், காசு பரப்பலாம், நோய் கவரலாம். ஆனால் தன் வாழ்வு இத்தகையதாக அமையவேண்டும் என்று துணியும் உள்ளத்தின் உறுதியை ஓவியரும் கொடுத்ததில்லை, நோயும் கவர்ந்ததில்லை. வில்லேந்திய நங்கையின் ஓவியத்தைக் காண்போர் பட்டாடையின் ஒளியைக் கண்டு வியப்பர். அவர் வரலாற்றையும் அறிந்து காண்போர், அந்த மென்கை வில்லைப் பற்றியிருக்கும் உறுதியையும் கண்டு போற்றுவர்.

பயிற்சி

1. பிரான்சஸ் ஸ்டூவர்ட்டை லீலி எக்கோலத்தில் தீட்டினார்? அக்கோலம் அவர் வாழ்வுக்குப் பொருந்துமாற்றை விளக்குக.
2. லீலியின் ஓவியச்சாலை இயங்கிய முறையை எழுதுக.
3. 'உருவ ஓவியம் ஒருவருடைய தோற்றத்தை மட்டும் காட்டுவதன்று' — இக்கூற்றைப் பாடத்திலிருந்து சான்று காட்டி நிறுவுக.
4. ஓவியம், பதக்கம், மெழுகுருவம் ஆகிய மூன்றும் பிரான்சசை எவ்வெவ்வாறு காட்டுகின்றன? ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைக.